வெற்றிலையில் மடித்த இரண்டு ரூபாய்

படகில் ஏறும் இடத்தில் பலகை ஈரமாக இருந்தது. பலகைக்கும் படகுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அதில் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. லஸ்கர் கையை நீட்டினார். கயிறு கட்டி, ஆட்களை ஏற்றி இறக்குகிறவரைத் தேக்கடிப் படகில் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கையைப் பிடிக்க வரவில்லை. பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். லஸ்கர் என்னை ஒரு முறை பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முன்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மறுபடி நீட்டினார். நான் துண்டைப் பிடித்து ஏறினேன்.

பின்னால் வந்த என் கணவர் ஈஸ்வரமூர்த்தி அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு நாள். கொல்லங்கோட்டிலிருந்து பொள்ளாச்சி, பழனி, கம்பம் என்று பஸ் மாறி மாறி வந்திருந்தோம். இந்தப் பதினெட்டு நாளில் நானாக ஒரு பேச்சும் தொடங்கவில்லை. கேட்டால் பதில் சொல்வேன். கல்லூரியிலும் அப்படித்தான். வேதியியல் செய்முறைத் தேர்வில் எல்லாவற்றையும் சரியாகச் செய்து முடித்துவிட்டு, வாய்மொழிக் கேள்வி வந்ததும் சும்மா நின்றவள். கம்பம் தாண்டி மலை ஏறும்போது அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்: "ஏம் புள்ள, உனக்குப் புடிக்காமயே கட்டிக் குடுத்துப்போட்டாங்களா?" இல்லை என்று தலையாட்டினேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்ததால் அது அவருக்குத் தெரியவில்லை. வாய் திறந்து சொல்ல நினைத்தபோது குமுளி வந்துவிட்டது.

படகு நகர்ந்தது. தண்ணீருக்குள் பட்ட மரங்கள் கறுப்பாக நின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம். எல்லோரும் யானைக்காகக் கரையைப் பார்த்தார்கள். என் கணவருக்கு வேறு கவலை.

"எறங்கறப்போ போட்டுக்காரங்களுக்கு எதாச்சும் குடுக்கோணுமாமா. குப்பண்ணன் சொன்னான். குடுக்காட்டி பின்னாடி நின்னு சிரிப்பாங்களாமா." குப்பண்ணன் அவருடைய பங்காளி, போன வருஷம் வந்து போனவர். "எவ்வளவுன்னு அந்தக் கழுத சொல்லுல. ஒரு ரூவான்னா கொறச்சலு. அஞ்சுன்னா பந்தா பண்றான்னு நெனப்பாங்க. ரெண்டு?"

தலையாட்டினேன். இந்த முறை பார்த்தார்.

"எல்லாரு முன்னாலயும் குடுக்கறதா, தனியாவா?"

அது எனக்கும் தெரியாது. மழை பிடித்தது. லஸ்கர் நான் இருந்த பக்கத்துத் தார்ப்பாயை முதலில் இறக்கிக் கட்டினார். அதைப் பார்த்ததும் என் கணவர் மஞ்சள் பையைத் திறந்தார். அம்மா கொடுத்தனுப்பிய வெற்றிலைக் கட்டில் நான்கைந்தை ஒதுக்கி, கிழியாத ஒன்றை எடுத்து வேட்டியில் துடைத்தார். இரண்டு ரூபாய்த் தாளும் ஒரு கொட்டைப்பாக்கும் வைத்து மடித்தார்.

"வெறுங்கையில குடுத்தாக் கூலி குடுத்த மாதிரி இருக்கும். அந்தாளு உன்ற கூச்சம் பாத்து ஏத்தி உட்டாரு. மருவாதியாக் குடுக்கோணும்."

இறங்கும்போது மற்றவர்கள் லஸ்கரின் உள்ளங்கையில் சில்லறையை அழுத்திவிட்டுப் போனார்கள். அவர் எண்ணாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாங்கள் கடைசியாக இறங்கினோம். என் கணவர் மடிப்பை இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஏனுங், இத வாங்கிக்கோங்."

வெற்றிலையைப் பார்த்ததும் லஸ்கரின் கை பின்னால் போனது. "வேண்டாங்கய்யா."

"கம்மிங்களா?"

"அதில்லங்கய்யா." சொல்லலாமா என்று யோசிப்பவர் போலக் கயிற்றைப் பார்த்தார். "எஸ்டேட்டுக்கு ஆள் சேக்க வந்த கங்காணி, எங்கய்யாவுக்கு இப்பிடித்தேன் வெத்தலையில மடிச்சுக் குடுத்தான். வாங்கிட்டா மலைக்கு வந்தே தீரணும். ரெண்டு வருசம்னு வந்த மனுசன், ஊரு திரும்பவே இல்ல. சாகையில எங்கிட்டச் சொன்னாரு, டேய் சுவக்கீனு, எவன் வெத்தலையில குடுத்தாலும் வாங்கிராதடான்னு."

படகு ஓட்டுகிறவர் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "எந்தா சுவக்கீனே, கல்யாண நிச்சயமோ?" என்று மலையாளத்தில் கேட்டுச் சிரித்தார். என் கணவரின் காதுகள் சிவந்தன. நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றார். ஊரில் பத்துப் பேருக்குப் பதில் சொல்கிறவர். இலை ஒன்றுதான். இவர் வீட்டில் அதற்கு ஒரு குணம், அவர் வீட்டில் வேறு.

"ஏனுங்க," என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள். என் கணவர்தான் கடைசியாகத் திரும்பினார். அவரைத்தான் கூப்பிட்டேன் என்று அவருக்கு உடனே விளங்கவில்லை.

"இங்க குடுங்." மடிப்பை வாங்கிப் பிரித்தேன். தாளை என் கணவரின் உள்ளங்கையில் வைத்தேன். "வெத்தல எனக்கு. ரூவா அவுருக்கு."

அவர் தாளைப் பார்த்தபடி நின்றார். எங்கள் பக்கத்துக் களங்களில் கூலி கொடுக்கிற கை எப்போதும் மேலே இருக்கும். வாங்குகிறவர் இரு கையும் கீழே ஏந்துவார். காசு விழும். வெறுங்கையால் கொடுக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். சுவக்கீன் ஏந்தவில்லை, காத்திருந்தார். என் கணவர் இடது கையை வலது முழங்கையில் வைத்துக்கொண்டார். உள்ளங்கையை விரித்துத் தாழ்த்தி நீட்டினார். சுவக்கீன் மேலிருந்து, இரண்டு விரலால், தாளை எடுத்துக்கொண்டார்.

"மகராசியா இருங்கம்மா," என்றார் என்னைப் பார்த்து.

கரையிலிருந்து மேலே போகும் படிகளில் செம்மண் கரைந்து வழிந்தது. என் கணவர் நான்கு படி முன்னால் ஏறினார். பிறகு நின்றார். தோளில் இருந்த துண்டை எடுத்து, முன்கையில் இரண்டு சுற்றுச் சுற்றினார். முகத்தை ஏரிப் பக்கம் வைத்துக்கொண்டு, கையை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

இடது கையில் வெற்றிலை இருந்தது. வலது கையால் துண்டை மெல்லத் தள்ளினேன். உள்ளே கை சூடாக இருந்தது. பிடித்துக்கொண்டேன். அவிழ்ந்த துண்டின் நுனி அடுத்த படியின் ஈரத்தைத் தொட்டு, எங்களோடு மேலே வந்தது.