பேர் சொல்லாமல் சொன்னது

...சொல்லாமலே நடக்கிற பிள்ளைகள் இல்லையா என்ன, ஆட்டுக்குட்டிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மாக்கண்ணு இன்றும் விடவில்லை, "ஏன்டி வீரம்மா, ரெண்டு வயசாச்சு, இவன ஒரு தடவயாச்சும் நடன்னு சொல்லியிருக்கியா நீ? சொன்னாத்தான நடப்பான்!" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிட்டாள். அழகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீரம்மா லயத்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். சாயங்காலம்கூட ஆகவில்லை, அதற்குள் பனி இறங்கி இரண்டு தேயிலைச் செடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நட... அந்தச் சொல் இல்லாமல் இந்தத் தோட்டத்தில் எது ஆகிறது? காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்ததும் கங்காணி நட நட என்று விரட்டுகிறார், கல்யாணம் நடக்கிறது, நானுஓயாவில் கடை நடக்கிறது, பேச்சி போனபோதும் நடந்தது நடந்துபோச்சு என்றுதானே தேற்றினார்கள்... மூத்தவள் பேச்சி. நட கண்ணு என்றதும் சிரித்துக்கொண்டே நாலடி வைத்தாள், அந்த வாரமே காய்ச்சல், அதோடு சரி. பிறகு அந்தச் சொல்லை எடுக்கவே பயம். அழகனிடம் வா என்பாள், எழும்பு என்பாள், அது மட்டும் வாயில் வராது. இப்படியே இருந்தால் பிள்ளை நடக்காமலே போய்விடுவானோ... பாவி, நானேதான் அவன் காலைக் கட்டிப்போட்டிருக்கிறேனா?

பாதையில் இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "நட சாமி... நட." சொன்ன பிறகுதான் உறைத்தது. பனிக்குள் பேர் சொல்லாமல் அதைச் சொல்லக் கூடாது, கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள்கூட ராக்காயி நட, வீரம்மா நட என்றுதான் சொல்வார்கள், பேர் இல்லாவிட்டால் காதில் விழுந்தவர்கள் எல்லாம் கூடவே வருவார்களாம், இருக்கிறவர்கள், இல்லாதவர்கள்... சும்மா, கிறுக்குப் பேச்சு. கண்ணைத் திறந்தால் அழகன் நடக்கிறான்! என் ராசா, என்று நெஞ்சு பொங்கியது. ஆனால் ஒரு கையை ஏன் மேலே தூக்கியிருக்கிறான்? தன்னைவிட உயரமான பிள்ளையின் கையைப் பிடித்த மாதிரி... பக்கத்தில் பார்த்துச் சிரிக்கிறான் வேறு. பேச்சி இருந்தால் இப்போது அந்த உயரம்தான் இருப்பாள். ஈர மண்ணில் கேட்பது ஒரு காலடியா, இரண்டா? பாதை பிரிகிற இடம், மேலே லயம், கீழே பேச்சியைப் புதைத்த மேடு, அவன் கீழே திரும்பிவிட்டான். ஓடிப் பிடிக்க வேண்டும், நில்லு என்று கத்த வேண்டும்... கத்தினால் இரண்டு பேருமே நின்றுவிடுவார்களே, அவள் இப்போதுதானே நடக்கிறாள்... ஐயோ, அந்த இன்னொரு காலடி ஓய்ந்துவிடக் கூடாது என்றா நான் இப்படி வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்?