இம்கேயின் வெள்ளைப் புள்ளிகள்

இம்கே தியாடன் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தது மொத்தம் இரண்டு வருடம் நான்கு மாதம். நான் அங்கே முப்பது வருடமாக உதவியாளராக இருக்கிறேன். முனைவர் பட்டம் வாங்கிய கையோடு வருகிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தாகிவிட்டது. இரண்டு வருட ஒப்பந்தத்தில் வருவார்கள், எதையாவது கண்டுபிடித்துக் கட்டுரை எழுதுவார்கள், அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டுவார்கள். பாதிப் பேரின் பெயர்கூட நினைவில்லை. இம்கேயை மறக்க முடியாமல் போனதற்குக் காரணம் நான் செய்த ஒரு தவறு.

அவள் நாட்டின் வடகோடியில் வடகடல் ஓரத்துக்காரி. எம்டனுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு ஊர். முதல் நாள் அவள் பெட்டியிலிருந்து வெளியே வந்த முதல் பொருள் ஒரு தேநீர்க் கெண்டி. மதியச் சாப்பாட்டுக்கே பீர் கேட்கிற எங்கள் தெற்கத்தி ஃப்ராங்கன் ஊரில் அது ஒரு வாரத்துக்குப் பேச்சாக இருந்தது.

எங்களுடைய வேலை சேற்றில் வாழும் ஒரு நுண்ணுயிரோடு. அது தண்ணீரிலிருக்கும் இரும்பை எடுத்துத் தன் உடம்புக்குள்ளேயே காந்தக்கல்லாக்கும். பொடிப்பொடிப் படிகங்களாகச் செய்து, மணி கோத்ததுபோல வரிசையாக வைத்துக்கொள்ளும். அந்தக் கோவைதான் அதற்குத் திசைகாட்டி. மற்ற இனங்களின் படிகம் உருண்டையாகவோ கட்டம்போலவோ இருக்கும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு கெண்டை மீன் குளத்திலிருந்து நாங்கள் பிரித்தெடுத்த இனம் மட்டும் துப்பாக்கித் தோட்டாபோல ஒரு முனை கூரான படிகத்தைச் செய்தது. எந்த மரபணு அப்படிச் செய்ய வைக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் இம்கேயை எடுத்திருந்தார் பேராசிரியர் ஐஸ்னர்.

நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்திலேயே வளர்ந்துகொண்டிருந்தது. குளத்துக்குப் போக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஆனால் வந்த மூன்றாவது வாரம் இம்கே என்னைத் 'திருமதி' என்ற மரியாதையோடு கூப்பிட்டுக் கேட்டாள்: "ஃப்ராவ் பிம்லர், உங்களுக்கு அந்தக் குளம் தெரியுமா? அது இருக்கிற எடத்த ஒரு தடவ பாக்கணும்."

"சேறுதான் இருக்கும்," என்றேன்.

"அதத்தான் பாக்கணும்."

அக்டோபர் மாதம். குளத்துக்காரர் லோரென்ஸ் மீன் பிடிப்பதற்காகத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். இடுப்புவரை ரப்பர் உடுப்போடு சேற்றில் நின்றபடியே எங்களைப் பார்த்தார். அவருக்கு எல்லோருமே 'நீ'தான். மந்திரி வந்தாலும் 'நீ'தான்.

"போன தடவ வந்த ஆளு தண்ணி எடுத்துட்டுப் போனான். இந்தத் தடவ சேறா? அடுத்த தடவ என்னையே தூக்கிட்டுப் போயிருவீங்க போல."

"உங்களுக்குள்ள காந்தம் இருந்தா கண்டிப்பா தூக்கிட்டுப் போவோம்," என்றாள் இம்கே.

"எனக்குள்ள இருக்கிற காந்தம் பீர்க் கடப் பக்கம்தான் இழுக்கும். நீ எந்த ஊரும்மா?"

சொன்னாள்.

"அடப்பாவமே. பச்ச மீனத் திங்கிற ஊரு."

"பச்சையா இல்ல. வெங்காயத்தோட."

லோரென்ஸ் சிரித்துக்கொண்டே கரையேறினார். இம்கே என் காரின் பின்கதவைத் திறந்து, கூடவே தூக்கி வந்திருந்த சின்ன நுண்ணோக்கியை அங்கேயே வைத்தாள். ஒரு சொட்டுச் சேற்றுத் தண்ணீரைக் கண்ணாடித் துண்டில் விட்டாள். லோரென்ஸின் கையில் ஒரு காந்தத்தைக் கொடுத்து, "இத மெதுவாத் திருப்பிக்கிட்டே பாருங்க," என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். காந்தத்தைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். அவர் திருப்பிய பக்கமெல்லாம் அந்தப் பொடிப் புள்ளிகள் மொத்தமாகத் திரும்பி நீந்தியிருக்கும். வெகு நேரம் நிமிரவே இல்லை. பின்னால் மீன் வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தஞ்சு வருஷமா இதுங்க மேலதான் நின்னுக்கிட்டு இருக்கேன்," என்றார் கடைசியில். "ஒருத்தனும் எங்கிட்ட சொல்லல."

திரும்பி வரும்போது, ஆய்வுக்கூடத்துப் பத்து பேரில் யாருமே இதுவரை இந்த மனிதரிடம் ஒரு சொட்டைக் காட்டவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பத்துப் பேரில் நானும் ஒருத்தி.

இம்கேயின் வேலை பொறுமையைக் கேட்கிற வேலை. இந்த நுண்ணுயிருக்குக் காற்று ஆகாது. காற்றில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள், பெட்டியின் சுவரிலேயே பொருத்திய தடித்த கையுறைகளுக்குள் கைவிட்டுத்தான் எதையும் செய்ய முடியும். ஒரு மரபணுவை வெட்டி எடுத்துவிட்டுத் தட்டில் பரப்பி வைத்தால் மூன்று வாரம் கழித்துப் புள்ளிபுள்ளியாக வளரும். காந்தக்கல் செய்கிறவை கறுப்புப் புள்ளிகள். செய்யத் தெரியாமல் போனவை வெள்ளை. ஆகவே வெள்ளைப் புள்ளி வந்தால், வெட்டிய மரபணுதான் கல்லைச் செய்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் எல்லோரும் நினைப்போம்.

எட்டு மாதம் வெட்டிக்கொண்டே இருந்தாள். ஜூன் மாதம் ஒரு காலையில் கறுப்புத் தட்டுகளுக்கு நடுவே ஒரு தட்டு முழுக்க வெள்ளையாக இருந்தது.

பேராசிரியர் ஐஸ்னர் அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு அவரே போய் ஸ்ட்ராபெரி கேக் வாங்கி வந்தார். செப்டம்பரில் நடக்கவிருந்த மாநாட்டுக்கு இந்த முடிவைப் பற்றிச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டார். "கட்டுரைய ஆரம்பிச்சிருங்க, ஃப்ராவ் தியாடன்," என்றார்.

"வெட்டின மரபணுவத் திருப்பி வச்சுப் பாக்கணும்," என்றாள் இம்கே. "திரும்பக் கறுப்பானாத்தான் நம்பலாம்."

"அது ஆகும். எழுதிக்கிட்டே பாருங்க."

அவள் எழுதவில்லை. திருப்பி வைத்தாள். மூன்று வாரம் காத்தாள். வெள்ளை. இன்னொரு முறை வைத்தாள். வெள்ளை. மூன்றாவது முறையும் வெள்ளையாகவே வந்தபோது அந்த நுண்ணுயிரின் மரபணுத் தொகுதி முழுவதையும் வரிசையாகப் படித்துத் தரச் சொல்லி வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினாள். முடிவு வந்த அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. அவள் வெட்டியது ஒரே ஒரு மரபணு. ஆனால் அதில் நூற்றுக்கும் மேற்பட்டவை காணாமல் போயிருந்தன. காந்தக்கல் செய்வதற்கான பகுதி மொத்தமாக உதிர்ந்துபோயிருந்தது. அந்த வெள்ளைக்கும் அவள் வெட்டியதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்த இடத்தில் என் பங்கைச் சொல்லியாக வேண்டும். முந்தைய கிறிஸ்துமஸ் விடுமுறையில் வளர்ப்புப் பெட்டி பழுதாகிவிட்டது. பழுது பார்க்கிறவர் ஜனவரியில்தான் வருவார் என்றார்கள். நான் வளர்ப்புக் குழாய்களையெல்லாம் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். மூன்று வாரம் அங்கேயே இருந்தன. வேறு சில இனங்கள் குளிரில் கிடந்தால் காந்த மரபணுக்களை உதிர்த்துவிடும் என்பது எனக்குத் தெரியும். இது குளத்தில் உறைபனியையே பார்த்த இனம், இதற்கு ஒன்றும் ஆகாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். குறிப்பேட்டில் எழுதவும் இல்லை. ஜனவரியில் இம்கே எடுத்து வேலையைத் தொடர்ந்தது அந்தக் குழாய்களிலிருந்துதான்.

முடிவு வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஓய்வு பெற நான்கு வருடம்தான் இருந்தது, வேலையில் இதுவரை ஒரு சொல் கேட்டதில்லை. அந்தப் பெருமையை விட மனம் வரவில்லை. இம்கே மூன்று நாள் தன் குறிப்பேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தன் தவறைத் தேடினாள். நான் பக்கத்து மேசையில் குழாய் கழுவிக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாளை நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தட்டின் படத்தையும், காணாமல் போன பகுதியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

"மாநாட்டுச் சுருக்கத்த வாபஸ் வாங்கணும்," என்றாள். "எங்க தப்பாச்சுன்னு இன்னும் தெரியல. ஆனா வேலையத் தொடங்கறதுக்கு முன்னாடி வளர்ப்பச் சோதிச்சுப் பாக்காதது நான். பொறுப்பு என்னோடதுதான்."

ஐஸ்னர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய கழுத்து சிவந்திருந்தது.

நான் எப்படி எழுந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. "ஃபிரிட்ஜ்ல வச்சது நான்தான்," என்றேன். "கிறிஸ்துமஸ் சமயம். மூணு வாரம். எழுதி வைக்கல."

ஐஸ்னர் என்னையே பார்த்தார். "ஃப்ராவ் பிம்லர். நீங்களா?"

அவர் மேற்கொண்டு எதுவும் சொல்வதற்குள் இம்கே தன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. மூன்று நாளாகப் பிடித்திருந்த மூச்சை விட்டாள்.

"குளிரா," என்றாள். "அப்ப என் வெட்டு சரிதான். நான் வெட்டத் தெரியாதவன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்." உடனே எழுந்து பலகைப் பக்கம் போனாள். "எந்தத் தேதி வச்சீங்க? எத்தன டிகிரி? எல்லாக் குழாயும் ஒரே தட்டுலயா இருந்துச்சு?"

எனக்கு அழுகை வந்தது. பதிலும் சொன்னேன். டிசம்பர் இருபத்திரண்டு, நான்கு டிகிரி, கீழ்த் தட்டு. அவள் ஒவ்வொன்றையும் பலகையில் எழுதினாள். எட்டு மாத உழைப்பு வீணாகிப்போன ஒருத்தி, அது ஏன் வீணானது என்று தெரிந்ததற்காக அவ்வளவு மகிழ்வதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்து நடைபாதையில் அவளை நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்கத்தான் நிறுத்தினேன். வாயில் வந்தது வேறு. எங்கள் வழக்கப்படி அதை மூத்தவள்தான் சொல்ல வேண்டும்.

"நான் ரோஸ்வித்தா. இனிமே நீங்கன்னு சொல்லாத. நீன்னே சொல்லு."

"இம்கே," என்று கையை நீட்டினாள். "ரோஸ்வித்தா, மூணு நாள் முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்."

"தெரியும்."

"சரி. திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு வா. ஃபிரிட்ஜுக்குப் போகாம ஆழ்குளிர்ல உறைஞ்சு கெடக்கிற பழைய குழாய எடுத்து மறுபடி தொடங்கலாம். அதையும் மொதல்ல சோதிப்போம்."

அவளுக்கு மிச்சமிருந்தது பதினான்கு மாதம். ஐஸ்னர் சுருக்கத்தை வாபஸ் வாங்கினார். இரண்டு வாரம் அவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. அவள் அதைக் கண்டுகொண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள்: பன்னிரண்டு குழாய்களைக் குளிரில் வைத்து, ஒரு வாரத்துக்கு எத்தனை வெள்ளை, இரண்டு வாரத்துக்கு எத்தனை என்று பன்னிரண்டு வாரம்வரை எண்ணிச் சொல்ல வேண்டும். "இத யாராவது சரியாப் பண்ணியாகணும். உனக்குத்தான் முன் அனுபவம் இருக்கே," என்றாள். ஆய்வுக்கூடமே சிரித்தது. நானும்தான்.

அதே மரபணுவை மறுபடி வெட்டினாள். தட்டுகள் வளர்ந்தன. இந்த முறை ஒரு வெள்ளைகூட இல்லை. எல்லாமே கறுப்பு.

"அந்த மரபணு எதுவும் பண்ணல போல," என்றார் ஐஸ்னர். "வேற ஒண்ணப் பாருங்க." தட்டைப் பார்த்த யாருமே அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இம்கே அந்தக் கறுப்புப் புள்ளிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டடத்திலிருக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போனாள். ஒரு மணி நேரம் கழித்துத் தொலைபேசி அடித்தது.

"ரோஸ்வித்தா, வா."

"என்னாச்சு?"

"நான் சொல்ல மாட்டேன். வந்து நீயே பாரு. நான் பாக்க ஆசப்படறதத்தான் பாக்கறேனான்னு தெரியல."

கைகூடத் துடைக்காமல் ஓடினேன். திரையில் அந்த நுண்ணுயிர். உடம்புக்குள் படிகக் கோவை. முப்பது வருடத்தில் இதுபோல் ஆயிரம் படமாவது பார்த்திருப்பேன்.

"என்ன தெரியுது?" என்றாள்.

"உருண்டையா இருக்கு," என்றேன். "கூர் இல்ல. அத்தனையும் உருண்ட."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினாள்.

அந்த மரபணு கல்லைச் செய்யவில்லை. செய்கிற கல்லுக்கு வடிவம் கொடுத்தது. ஜூன் மாதக் கட்டுரையை அவசரப்பட்டு அனுப்பியிருந்தால் உலகத்துக்கே தப்பான செய்தியைச் சொல்லியிருப்போம். இந்த முறை மரபணுவைத் திருப்பி வைத்ததும் படிகம் மறுபடி கூரானது. மூன்று முறை வெட்டி மூன்று முறை வைத்தாள். நான்காவது முறை, எது வெட்டியது எது வெட்டாதது என்று தனக்கே தெரியாதபடி குழாய்களை மாற்றி எண் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். இருநூறு படிகங்களை அளந்து முடித்த பிறகுதான் பட்டியலைக் கேட்டாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

ஐஸ்னர் படங்களை வரிசையாக மேசையில் பரப்பி வைத்து வெகு நேரம் பார்த்தார். பிறகு, "பரவாயில்ல," என்றார். எங்கள் ஃப்ராங்கன் பக்கத்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. வடக்கத்திப் பெண்ணுக்கு அது தெரியாது. வெளியே வந்ததும், "பிடிக்கலையா அவருக்கு?" என்று கேட்டாள். விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தை நான்கு மாதம் நீட்டித்துக் கொடுத்தபோதுதான் நம்பினாள்.

கட்டுரையில் என் பெயரும் வந்தது. குளிரில் மரபணு உதிர்வதைப் பற்றிய பகுதி என்னுடையது. ஐஸ்னர் அதைக் கடைசியில் நன்றி சொல்கிற வரியில் போடலாம் என்றார். "பன்னெண்டு வாரம் எண்ணுனது அவங்க. நான் இல்ல," என்றாள் இம்கே. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நார்வேயில் அவளுக்குச் சொந்தமாக ஒரு சிறு ஆய்வுக் குழு அமைக்கும் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தைய மூன்று வாரம் அவள் புதிதாக எந்தச் சோதனையும் செய்யவில்லை. ஆழ்குளிர்ப் பெட்டியிலிருந்த தன் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து வளர்த்துப் பார்த்தாள். யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை. பதினேழு குழாய்கள் கெட்டுப்போயிருந்தன. அவற்றைத் தூக்கி எறிந்தாள். மற்றதையெல்லாம் புதிதாக உறைய வைத்து, தெளிவான கையெழுத்தில் பெயரும் தேதியும் எழுதி அடுக்கினாள்.

"அதான் கெளம்பியாச்சே, இன்னும் எதுக்கு?" என்று கேட்டேன்.

"அடுத்து வர்றவங்களுக்கு எட்டு மாசம் மிச்சமாகும்," என்றாள்.

அடுத்து வந்தவர் லிஸ்பனிலிருந்து வந்த ஒரு இளைஞர். இம்கேயை அவர் பார்த்ததில்லை. முதல் மூன்று மாதத்திலேயே அவருக்கு நல்ல முடிவு வந்துவிட்டது. தன் அதிர்ஷ்டம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவரை உட்கார வைத்து, அது யாருடைய கை வேலை என்று முதலிலிருந்து சொன்னேன். ஃபிரிட்ஜ் விஷயத்தையும் விடாமல் சொன்னேன்.