கத்திரிக்காய்மேல் போட்ட பழி

செங்கம் ரோட்டில் மூலிகைக் கடை வைத்திருக்கும் அருண்பிரசாத்துக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அமுக்கரா மாத்திரை நல்லதா, தண்ணீர்விட்டான் கிழங்கு மாத்திரை நல்லதா என்று யாராவது கேட்டால் போதும். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரருக்கு ஒரு மாதிரி, உள்ளூர்க்காரருக்கு ஒரு மாதிரி அரைமணி நேரம் அளப்பான். முடிவு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடுங்க.

அடி அண்ணாமலையில் இட்லிக் கடை நடத்தும் பாஞ்சாலை, அசதி, தூக்கமில்லை என்று வந்தபோதும் அதையேதான் சொன்னான். "அமுக்கரா அலுப்பை எடுக்கும், கிழங்கு உடம்பைத் தேத்தும். கத்திரிக்கா, கருவாடு மட்டும் தொடாதீங்கக்கா." பத்தியம் சொல்லாவிட்டால் நம் ஜனங்கள் அதை மருந்தென்றே மதிக்க மாட்டார்கள்.

மூன்றாவது வாரம் அவள் திரும்பி வந்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"நெஞ்சு படபடனு அடிச்சிக்குது தம்பி. தப்பு என்னுதுதான். பௌர்ணமியன்னிக்கு கிரிவலக் கூட்டம், யாவாரத்துல பசி தாங்கல, ரெண்டு துண்டு கத்திரிக்கா தின்னுட்டேன்."

 அவன் அமுக்கரா டப்பாவை எடுத்துத் திருப்பினான். இத்தனை வருஷம் விற்றும் பின்பக்கத்தை அவன் படித்ததே இல்லை. தைராய்டுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அமுக்கரா எடுக்கக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

"அக்கா, தைராய்டு ஏதாவது இருக்கா?"

"ஏழு வருஷமா மாத்திரை போடறேன். ஏன் தம்பி?"

கடையில் வேறு ஆட்களும் நின்றிருந்தார்கள்.

"ஒண்ணுமில்லக்கா. கத்திரிக்காதான். நான் குடுத்த ரெண்டையும் நிறுத்திடுங்க, இன்னிக்கே டாக்டரைப் பாத்துடுங்க" என்றான். நிறுத்தச் சொல்லிவிட்டோமே, அது போதாதா என்று மனசுக்குள் சமாதானம் வேறு.

பாஞ்சாலை சுவரில் மாட்டியிருந்த அண்ணாமலையார் படத்தின் பக்கம் திரும்பினாள். "என் நாக்குதான் சாமி, மன்னிச்சிடு" என்று அந்த நடுங்குகிற கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவமானம் அவனைப் பிடுங்கித் தின்றது. அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

"போதும்க்கா. தப்பு என்னுது. உங்க மாத்திரையோட அமுக்கரா சேரக் கூடாது. கேக்காமலே குடுத்துட்டேன். இப்பவும் பொய் சொன்னேன்" என்றான், எல்லோர் காதிலும் விழும்படி.

அவள் திட்டவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, தைராய்டு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அன்னிக்கும் இது இந்த முடிச்சுலதான் தம்பி இருந்துச்சு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."