வேலுச்சாமியின் விருந்தாளி

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள், பேச்சு முடியும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காப்பி குடிக்கலாம், தப்பில்லை. உப்புப் போட்ட சாப்பாட்டைத் தொட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதுவரை என்னைப் பார்க்க வந்திருந்த மூன்று வீட்டாரும் இந்த விஷயத்தில் மகா கட்டுப்பாடானவர்கள். காப்பியைக் குடித்தார்கள், "ஊருக்குப் போயிக் கலந்துக்கிட்டுச் சொல்லியனுப்புறோம்" என்றார்கள், போகிற வழியில் கொடைக்கானல் தூண்பாறையைப் பார்த்துவிட்டு, சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு மலை இறங்கினார்கள். ஒருத்தரும் சொல்லியனுப்பவில்லை.

எனக்கு அவமானத்தைவிடக் கோபம்தான் அதிகம். அப்பா வேலுச்சாமிக்கு அப்படியில்லை. மூன்றாவது கூட்டம் போன பிறகு எங்கள் ஊர் பள்ளங்கியில் டீக்கடைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். "என்னண்ணே, சொல்லியனுப்புனாங்களா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களாம். ஒவ்வொரு கூட்டத்தையும் கைகூப்பி வழியனுப்பி, வேன் வளைவில் மறையும்வரை கூப்பிய கையை இறக்காமல் நிற்கிறவர் அவர்.  "இதான் கடைசி. இவங்களும் இப்படியே போனா, இனி எவன் முன்னாடியும் சேலையக் கட்டிக்கிட்டு வந்து நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நான்காவது வீட்டாரைப் பார்க்கக் கிளம்பினேன்.

அவர்கள் ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருப்பவர்கள். மாப்பிள்ளை பெயர் முத்துராஜ். அவருடைய அம்மா சிவபாக்கியம், வீட்டுக்கே வர முடியாது என்று சொல்லிவிட்டார். கொடைக்கானலில் புதிதாக ஃபுட் ஹால் திறந்திருக்கிறார்களே, அங்கே பார்த்துக்கொள்ளலாமாம். பொது இடம். அவரவர் சாப்பாட்டை அவரவர் வாங்கிக்கொள்ளலாம். யார் வீட்டிலும் கை நனைத்ததாக ஆகாது. மலையேறி வந்ததற்குப் புது இடத்தைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று.

ஒரு பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, பழசு மாதிரியே புதிதாகக் கட்டியிருந்தார்கள். உள்ளே வரிசையாகக் கடைகள், நடுவில் நீள நீள மேசைகள். நாங்கள் பூண்டு அள்ளும் சாக்கு அங்கே திண்டுக்கு உறை. சுவரில் மண்வெட்டியும் கூடையும் அரிக்கேன் விளக்கும் மாட்டியிருந்தன. மண்வெட்டியில் பொட்டு மண்கூட இல்லை.

"சோலி பாக்குற சாமானெல்லாம் எதுக்குச் செவுத்துல தொங்குது?" என்று அம்மா பாப்பம்மாள் என் காதைக் கடித்தாள்.

"அழகுக்கும்மா."

"யாருக்கு?"

 அதற்குள் சிவபாக்கியம் முத்துராஜோடு வந்து, கால் தரையில் எட்டாத முக்காலியில் ஒருவழியாக ஏறி உட்கார்ந்தார். மகன், பெயர் தெரியாத எதையோ வாங்கப் போய், கையில் ஒரு கருப்பு வில்லையோடு திரும்பினார். சாப்பாடு தயாரானால் அது நடுங்குமாம். அதைத் தன் அம்மாவிடம் கொடுத்துவைத்திருந்தார். அது நடுங்கியதும் சிவபாக்கியம், "ஏலே முத்துராசு, ஷாக்கடிக்குதுடா!" என்று மேசைமேல் வீசினார். நான் சிரிப்பை அடக்க முந்தானையைச் சரிசெய்தேன்.

வந்தது மலைப்பூண்டு சூப்பு. இங்கிலீஷில் அதற்கு முழநீளப் பெயர். கூடவே, வீடு கட்டி மிஞ்சியது போன்ற ஒரு கல் பலகையில் இரண்டு துண்டு ரொட்டி. நாங்கள் தண்ணீர் மட்டும் போதும் என்றுவிட்டோம்.

"நாங்க கை நனைக்கிறதுல ரொம்பக் கறாருங்க" என்று சிவபாக்கியம் சூப்பை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தார். "எங்க கொழுந்தன் மகன் ஒரு வீட்டுல நல்லாத் தின்னுட்டு, பொண்ணு வேண்டாம்னுட்டான். இன்னைக்கி வரைக்கும் அவனுக்கு எவனும் பொண்ணு குடுக்கல. உப்பத் தின்னுட்டு மாட்டேங்கிறவன் மனுசனா?"

"ஆமாங்க, ஆமாங்க" என்று அப்பா தலையாட்டினார்.

அப்புறம் சிவபாக்கியம் என் பக்கம் திரும்பினார். ஹோம்ஸ்டேயில் ரிசப்ஷன் வேலையா, அதெல்லாம் எங்களுக்குச் சரிவராதே. குளிரிலே வளர்ந்த பிள்ளைக்கு எங்க ஊர் வெயில் ஒத்துக்குமா. அண்ணன் தம்பி யாரும் இல்லையா, பாவம். ஒவ்வொரு குறைக்கும் ஒரு வாய் சூப்பு. கடைசிக் குறை முடிந்தபோது சூப்பும் முடிந்தது. கிண்ணத்தில் ஒட்டியிருந்ததை ஆட்காட்டி விரலால் ஒரு சுற்றுச் சுற்றி வழித்து நாக்கில் வைத்துக்கொண்டார்.

"சரிங்க. ஊருக்குப் போயிக் கலந்துக்கிட்டு..."

அப்பாவின் கைகள் கூப்புவதற்கு எழும்பிவிட்டன. 

"அம்மா, பின்னால பாருங்க" என்றார் முத்துராஜ்.

சிவபாக்கியத்தின் முதுகுக்குப் பின்னால், சூப்புக் கடைக்கு மேலே, சுவர் உயரத்துக்கு ஒரு படம். சட்டையில்லாமல், தலைப்பாகையோடு, பூண்டுக் கொத்தைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற ஆள். கீழே இங்கிலீஷில் எழுதியிருந்ததை முத்துராஜ் அம்மாவுக்காகத் தமிழில் சொன்னார்: "இன்னைக்கி நீங்க வேலுச்சாமியோட விருந்தாளி. பள்ளங்கியில இருக்கிற அவரு வீட்டுச் சாப்பாடு உங்களுக்காக."

படித்து முடித்த முத்துராஜ் படத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா துண்டால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் மூடிக்கொண்டார்.

போன வருஷம் பூண்டு பிடுங்கும்போது கேமராவோடு இரண்டு பேர் வந்தார்கள். சட்டை போட்டுக்கொள்ளவா என்று அப்பா கேட்டார். வேண்டாம், இப்படித்தான் அழகு என்றார்கள். பெயரைக் கேட்டார்கள், மோர் குடித்தார்கள், போனார்கள். நாங்கள் மறந்தே போனோம்.

சாக்குத் துணியில் ஏப்ரன் கட்டிய பெண் ஓடி வந்தாள். "ஐயோ சார், நீங்க எங்க வேலுச்சாமி சாரா! மேடம், நீங்க சாரோட கெஸ்ட்டா?"

சிவபாக்கியத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "யாரு கெஸ்ட்டு? நாங்களே வாங்கித் தின்னது. அதுவும் ஸ்பூன்ல. கை நனையவே இல்ல."

அதுவரை அவர்கள் முன்னால் வாய் திறக்காத என் அம்மா, ரொம்பப் பணிவாகச் சொன்னாள்: "கடைசியில வெரல விட்டு வழிச்சீங்களேங்க."

சிவபாக்கியம் தன் விரலைப் பார்த்தார். கொழுந்தன் மகன் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.  பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, கோயிலுக்குத் தேர் செய்து கொடுக்கிற தோரணையில் சொன்னார்: "சரி, சாமியாப் பாத்து நனைக்க வச்சிருக்கு. நாங்க வாக்கு மாறுறவங்க இல்ல. தை மாசம் நாள் பாத்துருங்க, சம்பந்தி. பொண்ணு வேலைய மட்டும் விட்டுறட்டும்."

இவ்வளவு நேரம் 'ஏங்க' என்றவர் வாயில் சம்பந்தி. அவ்வளவுதான், அப்பா அழுதுவிடுவார், காலில் விழாத குறையாகக் கும்பிடுவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்பா சுவரில் இருந்த தன்னை ஒரு முறை பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"சந்தோசம்ங்க. நாங்க வீட்டுக்குப் போயிக் கலந்துக்கிட்டுச் சொல்லியனுப்புறோம்."

சிவபாக்கியம் திறந்த வாயை மூடவில்லை. முத்துராஜ் வெடித்துச் சிரித்துவிட்டார். இந்த ஆளைப் பற்றி யோசிக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் முதல்முதலாகத் தோன்றியது. யோசிப்பேன், நிதானமாக. வேலையை விடுவதாக இல்லை.

பள்ளங்கியில் பஸ் நின்றதும் அப்பா வீட்டுக்கு வரவில்லை, நேராக டீக்கடைக்குப் போனார். பெஞ்சில் இருந்தவர் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

"என்னண்ணே, சொல்லியனுப்புறேன்னாங்களா?"

"அவங்க எங்க சொல்றது" என்றார் அப்பா, சத்தமாகவே. "நாமதான் சொல்லியனுப்பணும். ஒரு டீ போடுப்பா."