அஞ்சு நூலையும் எடுத்த வக்கீல்

“அப்பா கைநாட்டை எந்தப் பத்திரத்துல வெச்சே, அதை மட்டும் சொல்லு—”

“நான் எதுக்குங்ணா வெக்கறேன், உங்களுக்குத்தான—”

“எனக்குத்தான்னா? என்ன எனக்குத்தான்?”

“உங்களுக்குத்தான ஊட்டை விக்கோணும். எனக்கா விக்கோணும்?”

“கேட்டீங்களா, கேட்டீங்களா! அப்பனைப் பெஞ்சுல போட்டுட்டு இவ பேசற பேச்சை!”

வாசலில் மரப்பெஞ்சின் மேல் கிட்டுசாமியின் உடல் கிடந்தது. தலைக்கு அரப்புத் தேய்த்து இரண்டு குடம் ஊற்றியிருந்தார்கள். மூன்றாவது குடம் பாதியில் நின்றுவிட்டது. சடங்கு செய்ய வந்த வீரன் அவருடைய கட்டியிருந்த கைகளைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அண்ணனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மூணு வாட்டி தேச்சுட்டனுங்க. அரப்புக்கும் போகல, எண்ணெய்க்கும் போகல. ரேகைக்குள்ள எறங்கிருச்சு.”

இடது கைப் பெருவிரல் நீலமாக இருந்தது. பத்திர ஆபீசில் விரலைப் புரட்டி எடுக்கும் மைப்பெட்டியின் நீலம். நகத்தின் ஓரம் வரை ஏறியிருந்தது.

கிட்டுசாமி வாழ்நாளில் ஒரு முறைகூடக் கைநாட்டு வைத்தவர் இல்லை. பேரை முழுதாக எழுதி, அடியில் கோடிழுத்து, கோட்டின் கீழே இரண்டு புள்ளி வைத்தால்தான் அவருக்குக் கையெழுத்து. மூத்தவன் சிவராஜுக்கு அது தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒற்றைப் பெட்டியோடு புருஷன் வீட்டிலிருந்து வந்து, அப்பாவோடு இந்த ராயபுரத்து வீட்டிலேயே தங்கிவிட்ட தரணிக்கும் தெரியும்.

“செத்தவர் கையில மை எப்படி வரும்? நீதான ராத்திரி பூராக் கூட இருந்தே?” என்றான் சிவராஜ்.

“காலைல சுத்தமா இருந்துச்சுங்ணா. நாந்தான கட்டுனேன்.”

அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஐந்தரை மணிக்குக் காப்பியோடு போனபோது அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தொட்டதும் தெரிந்துவிட்டது. பக்கத்துத் தெரு நர்ஸ் வந்து பார்த்து, ‘காலை 5.30’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தச் சீட்டு இப்போதும் காலண்டர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு தரணி பனியன் துணியில் இரண்டு பட்டை கிழித்து, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். கைப் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அவளே வெட்டிவிட்ட நகம். வெளுத்து, சுத்தமாக இருந்தது. கட்டிய பிறகும் அந்தக் கையை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏழு மணியிலிருந்து ஊடு நெறய சனம். யாரு வந்து மை தடவுவாங்க?” என்றாள் நாகஜோதி. சிவராஜின் மனைவி. “பத்து மணிக்குக் கொஞ்சம் முன்ன ஐஸ் பெட்டி வந்தப்ப வேணா உள்ள யாரும் இல்ல. பெட்டி சந்துக்குள்ள திரும்பலைன்னு அத்தனை பேரும் வெளிய ஓடிட்டோம்.”

“எவ்வளவு நேரம்?” என்றான் சிவராஜ்.

“ஒரு கால் மணி நேரம் இருக்கும்.”

“தரணி எங்க இருந்தா?”

“என்ற பக்கத்துலதான் நின்னா,” என்றாள் நாகஜோதி. சொல்ல விருப்பமில்லாமல் சொன்னாள்.

வீரன் கைக் கட்டை அவிழ்க்கக் குனிந்தவர் நிமிர்ந்தார்.

“இந்தக் கட்டு யாருங்கம்மா போட்டது?”

“நாந்தான்.”

“இந்த முடிச்சா?”

தரணி குனிந்து பார்த்தாள். அவள் போட்டது சாதாரண இரட்டை முடிச்சு. இது தட்டையாக, அரிசியளவில் இருந்தது. இரண்டு முனையும் பல்லால் கடித்த மாதிரி சமமாக இருந்தன. நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் மெஷினை நிறுத்தாமல் ஒற்றைக் கையில் போடுகிற முடிச்சு. நாற்பது வருஷம் நிட்டிங் மாஸ்டராக இருந்த அப்பா அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கப் பார்த்து, வராது போ என்று விட்டுவிட்டார்.

“ஆமாங்க,” என்றாள். “நாந்தான் போட்டேன்.”

மூன்றாவது குடம் ஊற்றப்பட்டது. நீலம் போகவில்லை. நாகஜோதி ஒரு வெள்ளைத் துண்டால் அந்தக் கையை மூடினாள்.

ஒரு மாதமாகவே அந்த வீட்டில் வக்கீல் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. சிவராஜின் பனியன் யூனிட்டில் ஆர்டர் நின்றுபோய், எட்டு மெஷினில் மூன்றுதான் ஓடியது. வீட்டைக் கொடுத்தால் நிமிர்ந்துவிடலாம் என்றான். வாங்க ஆளும் தயாராக இருந்தது. வாங்குகிறவருடைய வக்கீலே இரண்டு பக்கத்துக்கும் எழுதிவிடுவார் என்றான்.

“அவனுக்கு எழுதறவன் எனக்கு எப்படிறா எழுதுவான்?” என்றார் கிட்டுசாமி.

“ஒரே பத்திரந்தானுங்கப்பா.”

“பத்திரம் ஒண்ணுதான். பக்கம் ரெண்டு. எனக்குன்னு ஒரு வக்கீல் பாத்துக்கறேன். அவன் படிச்சுச் சொல்லட்டும், அப்பறம் பேசலாம்.”

“அப்ப தரணி எங்க போவா?” என்றும் அன்று கேட்டார் கிட்டுசாமி.

“எங்ககூட வந்து இருக்கட்டும்,” என்றான் சிவராஜ். நாகஜோதி எழுந்து அடுப்பை அணைக்கப் போனாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

கம்பெனியில் இருந்த காலத்தில் கிட்டுசாமி ஒரு வேலை செய்வார். துணி ரோலைச் செக்கிங்குக்கு அனுப்பும்போது மடிப்புக்குள்ளே ஒரு துண்டு நூலை வைத்துவிடுவார். திரும்பி வரும்போது நூல் அப்படியே இருந்தால், செக்கிங்காரன் ரோலைப் பிரிக்காமலே சீல் குத்திவிட்டான் என்று அர்த்தம். வக்கீல்களுக்கும் அதையே செய்தார். தாய்ப் பத்திரம் பதினாலு பக்கம். அதில் ஐந்து இடத்தில் வெள்ளை நூல் வைத்து, ஃபைலைக் கட்டிக்கொண்டு கிளம்புவார்.

“வாங்கறவரோட வக்கீல் நாலு நாள் வெச்சிருந்து, எல்லாம் கிளியருன்னு குடுத்தான் கண்ணு. அஞ்சு நூலும் படுத்துக் கெடக்குது,” என்றார் தரணியிடம்.

“ரெண்டாவது வக்கீலுங்கப்பா?”

“அவன் போர்டு முழுக்கப் பட்டம். ரெண்டு நூல் விழுந்திருந்துச்சு. ஃபேன் காத்துல விழுந்திருக்கும்.”

“சோமனூர் ரோட்டுக்காரரு?”

“அவன் மொதப் பக்கத்தை போன்ல போட்டோ புடிச்சான். புடிச்சுட்டு, என்னையே நிமிந்து பாக்கல.”

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தவர் ஃபைல் இல்லாமல் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து அவள் உள்ளங்கையில் கவிழ்த்தார். ஐந்து துண்டு நூல்.

“பூராவையும் எடுத்துக் கவர்ல போட்டு, ஐயா இது உங்க நூலான்னு கேட்டுச்சு. பொம்பளை வக்கீலு. பதினாலு பக்கமும் படிச்சுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு.”

“என்னன்னுங்கப்பா?”

“இந்த ஊட்டுல உங்ககூட யாரு இருக்காங்கன்னு. மத்தவன் ஒருத்தன் கேக்கல.”

“அந்தம்மா எங்க இருக்குதுங்க?”

“பக்கத்துலதான். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்குது.”

“எதுக்கு? என்ன எழுதப் போறீங்க?”

“எழுதுனா தெரிஞ்சுட்டுப் போகுது.” சிரித்தார். “பத்து மணின்னா பத்து மணிக்குப் படி ஏறிறோணும். நாப்பது வருசத்துல ஒரு ஷிப்டுக்கு லேட்டாப் போயிருக்கனா சொல்லு.”

“இல்லீங்கப்பா.”

“அப்பறம்?”

மணி இரண்டுக்கு ஆண்கள் அவரை மின்மயானத்துக்கு எடுத்துப் போனார்கள். போகும்போது சிவராஜ் தரணியின் பக்கத்தில் வந்து, மெதுவாக, ஆனால் நாகஜோதிக்குக் கேட்கும்படி சொன்னான்.

“கைநாட்டு வெச்ச காகிதம் எது வந்தாலும் நான் கோர்ட்டுக்குப் போவேன். பொணத்துக்கிட்ட எடுத்ததுன்னு சொல்லுவேன். நீ என்ற தங்கச்சிங்கறது அப்பறந்தான்.”

“சொல்லுங்ணா,” என்றாள். அவன் கண்கள் வீங்கியிருந்தன. காலையிலிருந்து அவன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். பக்கத்து வீட்டுக்காரிகள் வாசலைக் கூட்டிவிட்டு ஒவ்வொருத்தியாகச் சொல்லாமல் போனார்கள். நாகஜோதி ஊர்ச் சனத்துக்குச் சோறு வடிக்கப் பின்பக்கம் போனாள். தரணி வாளியோடு உள்ளறைக்கு வந்தாள். கட்டில் நிமிர்த்திச் சாத்தியிருந்தது. கவரில் இருந்த ஐந்து நூலும் ஜன்னல் விளிம்பில், அவள் நேற்று வைத்த இடத்திலேயே இருந்தன. ஆனால் ஒன்றோடு ஒன்று முடிந்து, ஒரே நீள நூலாகக் கிடந்தது. முடிச்சுகள் அரிசியளவில் இருந்தன.

அவள் அதைத் தொடவில்லை. தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் வேகவேகமாகத் தள்ளினாள்.

“அப்பா செருப்பை எடுத்து வெளிய போட்டுரு தரணி, ஊட்டுக்குள்ள வெக்கக் கூடாது,” என்று நாகஜோதி பின்பக்கமிருந்து குரல் கொடுத்தாள்.

செருப்பு கதவுக்கு இடதுபக்கம், எப்போதும் இருக்கிற இடத்தில் இருந்தது. எடுத்தவள் கையில் சிவப்பு மண் ஒட்டியது. சாக்கடைக் குழாய் பதிக்கப் பக்கத்துத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், அந்த மண். நேற்று இரவு அவள் இந்தச் செருப்பைக் கழுவித்தான் வைத்தாள். மண் இன்னும் ஈரமாக இருந்தது. அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அப்பாவின் பட்டன் போன் அடித்தது. கதவுக்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டிருந்தது. காது மந்தமானவருக்காகச் சத்தத்தை முழுதாகத் திருப்பி வைத்திருந்த போன்.

“ஐயாங்களா?”

“அவரு மகள் பேசறனுங்க.”

“தரணி அக்காவா? நான் நிர்மலா, அட்வகேட். எலாஸ்டிக் கடை மாடியில ஆபீஸ். எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம், இங்க வந்து ஆறு வருசம் ஆச்சு. ஐயா சொல்லியிருப்பாரே?”

“பேரு சொல்லலீங்க.”

“சொல்லாதேன்னுதான் எங்கிட்டயும் சொன்னாரு. எழுதி முடிச்சாச்சு, இனிமே சொல்லலாம். உங்க பேருக்கு உயில் எழுதியிருக்காருக்கா. உங்க ஆயுசுக்கும் அந்த வீட்டுல நீங்க இருக்கணும், அதுவரைக்கும் யாரும் விக்கக் கூடாதுன்னு. அண்ணனுக்கு அதுக்கப்பறந்தான். கீழ்க்கடைக்காரரும் எங்க க்ளார்க்கும் சாட்சிக் கையெழுத்துப் போட்டாச்சு.”

“நேத்துங்களா?”

“இல்லக்கா, இன்னைக்கு. பத்து மணின்னு சொன்னேன், கரெக்டா பத்துக்குப் படி ஏறி வந்துட்டாரு. பத்து அஞ்சுன்னு நேரம் போட்டிருக்கேன்.”

தரணியின் பார்வை காலண்டர் ஆணிக்குப் போனது. ‘காலை 5.30’ சீட்டு ஃபேன் காற்றில் மெதுவாக ஆடியது.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா? ஐயாவுக்குக் கையில ஏதாச்சும் அடியா? வலது பெருவெரல்ல பனியன் துணி தொங்கிக்கிட்டு இருந்துச்சு. கையெழுத்துப் போடுங்கன்னேன், வெரல் மடங்க மாட்டேங்குதும்மா, நாட்டு வெச்சுக்கன்னாரு. அந்த வெயில்ல நடந்து வந்தவரு கை அவ்வளவு சில்லுன்னு இருந்துச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.”

தரணி ஒரு கையில் போனும் மறு கையில் செருப்புமாக எழுந்து நின்றாள். சந்து முனையில் ஆண்கள் திரும்பி வருவது தெரிந்தது. குளித்த ஈரத் தலையோடு சிவராஜ் முன்னால் வந்தான். வாசலில் நின்று, கால் கழுவ வைத்திருந்த குடத்தைத் தூக்கியவன், போனிலிருந்து வந்த குரலைக் கேட்டு நிமிர்ந்தான். அவன் கண் அவளுடைய கையிலிருந்த செருப்பின் மேல் விழுந்தது. குடம் அப்படியே சாய்ந்து, தண்ணீர் அவன் காலில் விழாமல் படியில் விழுந்துகொண்டிருந்தது.

“உக்காருங்கய்யான்னு எவ்வளவோ சொன்னேன், உக்காரல. வெரல்ல மையைத் துடைக்கறதுக்குத் துணி எடுக்கத் திரும்பினேன், அதுக்குள்ள எறங்கிட்டாரு. நேரமாச்சும்மா, பெட்டி வந்துரும்ன்னாரு. என்ன பெட்டின்னு எனக்குப் புரியல. அக்கா? லைன்ல இருக்கீங்களா? ஐயா பத்திரமா வீடு வந்து சேந்துட்டாருல்ல?”