அப்பாவுக்கு ஓர் இரவல் பிக்கப்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு வேலியோரம் ஓசியில் கிடைத்தது. நாஷ்வில்லில் என் பக்கத்து வீட்டுக்காரி டானிடா பாட்டு எழுதுகிறவள். இந்த ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லை. கல்லை விட்டெறிந்தால் பாட்டு எழுதுகிற யார் தலையிலாவதுதான் விழும். போன வாரம் புல் வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு வேலிப் பக்கம் வந்தாள்.

"ஒரு பாப் பாடகி கன்ட்ரி பாட்டுக்கு மாறப் போறேன்னு வந்து நிக்கிறா. அவங்க அப்பாவுக்கு ஜென்மத்துல இல்லாத பிக்கப் வண்டிய பாட்டுல குடுத்துட்டா. அந்த மனுஷனே கேக்க வர்றாராம்!"

கன்ட்ரி என்றால் இந்த ஊரின் கிராமத்துப் பாட்டு; பின்னால் சாமான் ஏற்றும் பிக்கப் வண்டி இல்லாமல் அதில் பாதிப் பாட்டு நகராது. அவ்வளவுதான் அவள் சொன்னது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம் ஒன்று: தொப்பியைச் சரித்துக்கொண்டு பாடகி கொரின் மண்சாலையில் புழுதி பறக்க...

வேண்டாம். பத்தொன்பது வருஷமாக இங்கே இருக்கிறேன், போக்குவரத்து நெரிசலைத் தவிர வேறு எதையும் கண்டதில்லை.

தொடக்கம் இரண்டு: தகரக் கூரையில் மழை கிதார் வாசிக்க...

ஐயோ, சகிக்கவில்லை. பார்த்தீர்களா, வந்த ஊருக்குத் தகுந்த வேஷம் கட்டுவதில் நானும் கொரினும் ஒரே ஜாதி.

தொடக்கம் மூன்று: காலை பதினொரு மணி. பாட்டு எழுதுவது இங்கே பதினொன்றிலிருந்து மூன்று வரை, ஆபீஸ் மாதிரி. கொரின் ஹால்வர்சனுக்கு முப்பத்து நாலு வயது.* ஸீரா என்ற பெயரில், பதினாறு பேர் பின்னால் ஆட, ஸ்டேடியம் ஸ்டேடியமாகக் கலக்கியவள். இப்போது அவளுக்கு ஒரே ஆசை. ஆட்டமும் வெளிச்சமும் இல்லாமல், தன் குரல் மட்டும் கேட்கும்படி ஒரு பாட்டாவது பாட வேண்டும்.

(*முதல் பிரதியில் முப்பத்தொன்பது. "கொறச்சுப் போடு, பாவம்" என்றாள் டானிடா.)

"நெசமா உங்கப்பா எந்த வண்டிதான் ஓட்டினாரு?" என்று கேட்டாள், சேர்ந்து எழுத உட்கார்ந்திருந்த டானிடா.

"ஃப்ரெஸ்னோ மால்ல பனிச்சறுக்குத் தளம் இருந்துச்சு. பனிய வழவழன்னு ஆக்க ஒரு வண்டி சுத்தி வருமில்ல? அது."

"அடிப்பாவி, தங்கம் மாதிரி விஷயம்! அதையே எழுதுவோம்டி."

"சும்மா இரு. சிரிப்பாங்க. பிக்கப்னே போடு."

அவளுக்கு வெட்கம். பள்ளிக்கூடத் தோழிகள் அந்த வண்டியைக் காட்டிக் கெக்கலித்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட வெட்கம். அத்தனை ஸ்டேடியம் பார்த்தும் அது போகவில்லை. டானிடா தோளைக் குலுக்கிவிட்டுப் பிக்கப் என்று எழுதினாள்.

3

அப்பா டெல்மரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம். முதலில் அவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து அழவிட்டேன். அந்த வரியை அடித்துவிட்டேன். மகள் பாட்டைக் கேட்க இரண்டு விமானம் மாறி வந்தவர் எதற்கு அழ வேண்டும்? இப்போது அவர் ஃப்ரெஸ்னோவிலிருந்து இரண்டு பவுண்டு உலர்திராட்சையோடு வந்து இறங்குகிறார். மத்தியானம் இந்த ஊர் காரக் கோழியைத் தின்றுவிட்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, "காரமே இல்லியே" என்கிறார். இந்த மனுஷரை எனக்குப் பிடித்திருக்கிறது.

பாட்டில் என்ன இருக்கிறது என்று கொரின் அவரிடம் சொல்லவில்லை. மூன்று தடவை வாயெடுத்தாள். மூன்று தடவையும் திராட்சையைத்தான் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

4

மாலை ஆறு மணி. சலவைக்கடைக்கும் வரிக்கணக்குக் கடைக்கும் நடுவில் ஒரு சின்னக் கூடம். பாட்டு எழுதியவர்கள் நாலு பேர் கிதாரோடு நடுவில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாடுவதற்கு முன்னால், பாட்டு எப்படிப் பிறந்தது என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் மூச்சு விடக் கூடாது. அதுதான் இங்கே வழக்கம்.

கொரின் முறை வந்தது. பழக்கதோஷம், "எல்லாரும் கை தட்டுங்க பாப்போம்!" என்று கத்திவிட்டாள். ஒரு ஈ கூடத் தட்டவில்லை. கூடத்துக்காரி உதட்டில் விரலை வைத்தாள்.

கொரினுக்குக் காது சிவந்துவிட்டது. "இது... எங்கப்பாவோட பிக்கப் பத்தின பாட்டு."

வட்டத்தில் எதிரே இருந்த பாட்டுக்காரர் ரோஸ்கோ அவளுக்குத் துணையாக முன்னிசையை ஆரம்பித்தார். பிக்கப் என்றால் விசாரிப்பது இங்கே மரியாதை. நம் ஊரில் எந்த ஊர் என்று கேட்பதைப்போல.

"என்ன வண்டிம்மா? எந்த வருஷத்துது?" என்று கேட்டார்.

"சிவப்பு" என்றாள் கொரின்.

கூடம் கொல்லென்று சிரித்தது. அவள் தலை குனிந்தது. அப்போது கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"எழுபத்தெட்டு மாடலுங்க" என்றார் டெல்மர், எழுந்து நின்று. "அருமையான வண்டி. மேட்டுல மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும்."

5

இங்கே பேனாவை வைத்துவிட்டேன். மகளின் மானத்தைக் காப்பாற்ற, இல்லாத வண்டிக்கு இளைப்பு வேறு கொடுத்து நிற்கிறார்.

முடிவு அ: அவள் பிக்கப்பையே பாடுகிறாள். ஆல்பம் போடுகிறார்கள். டெல்மர் ஆயுசு முழுக்க எழுபத்தெட்டு மாடலை ஞாபகம் வைத்துக்கொண்டு திரிகிறார். யாருக்கும் நஷ்டமில்லை, அவர்கள் இருவரைத் தவிர.

முடிவு ஆ: இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"அப்பா, உக்காரு. பொய் சொல்லாத."

"ஆரம்பிச்சது யாரு பாப்பா?"

கூடம் மறுபடி சிரித்தது. இந்தத் தடவை கொரினும் சிரித்தாள். "பிக்கப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்கப்பா பனி வண்டி ஓட்டினாரு. அதச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும், கேட்டுக்கறேன்" என்றாள்.

"இருபத்தாறு வருஷம்" என்றார் டெல்மர், பெருமையாக.

"அடேயப்பா! அப்ப அதப் பாடு தாயி" என்றார் ரோஸ்கோ.

எங்கே பாடுவது? எழுதியதெல்லாம் பிக்கப்புக்கான வரிகள். ரோஸ்கோ நாலாவது தடவையாக முன்னிசையையே வாசித்துக்கொண்டிருக்கிறார். டெல்மர் இன்னும் உட்காரவில்லை. கொரின் வாயைத் திறந்துவிட்டாள். முதல் வரி அவளுக்கும் கிடைக்கவில்லை, எனக்கும் வரவில்லை. ஒரு கை கொடுங்கள். வெட்கப்படாமல் சொல்லுங்கள், உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார்?