சங்கிலித் தையலின் கடைசி வளையம்

1

“நான் தொடலடி!”

“நீங்க தொடாம, மதினி, அது தானாவா...”

“ஒன் தலையணை உறைய நான் எதுக்குடி...”

“...கட்டிக்கிட்டுச்சு?”

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் வந்தது, ஒருத்தி பேச்சின்மேல் இன்னொருத்தி பேச்சாக. முதல் குரல் பரிமளா. அடுத்தது அவள் தம்பி மனைவி சுகுணா. இடம் ஜெகதாப்பட்டினம், ஐஸ் பிளான்ட்டுக்குப் பின்னால் நடக்கும் எம்பிராய்டரி வகுப்பு. நாங்கள் மூவருமே ஊசிக்குப் புதுசு.

2

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

‘கடல் அன்று அமைதியாக’ (பொய். அன்று நான் கடலையே பார்க்கவில்லை.)

‘சுகுணாவின் கணவன் நிலவழகன் படகோடு பிடிபட்டு, நாற்பத்தொரு நாளாக அக்கரையில், இலங்கைச் சிறையில்’ (உண்மை. ஆனால் பேப்பர் செய்தி மாதிரி இருக்கிறது.)

தையலிலிருந்தே தொடங்குகிறேன். ஓட்டத் தையலில் ஊசி மேலே வரும், கீழே போகும், அவ்வளவுதான். சங்கிலித் தையலில் ஒரு வளையத்துக்குள்ளிருந்து அடுத்த வளையம் வரும். கடைசி வளையத்தின் தலையில் குட்டித் தையல் ஒன்று போட்டுக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் நூலை இழுத்ததும் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

சுகுணா தலையணை உறையில் கணவன் பெயரைச் சங்கிலித் தையலில் போட்டாள். கடைசி வளையத்தைக் கட்டாமல், ஊசியோடு விட்டுவைத்தாள்.

3

செவ்வாய்க்கிழமை யாரோ அதைக் கட்டிவிட்டார்கள். அன்று சாயங்காலமே போன் வந்தது: காவல் இன்னும் பதினாலு நாள் நீட்டிப்பு.

“அவுக வந்தப்பறந்தான் கட்டுவேன்னு ஒங்ககிட்ட மட்டுந்தானே சொன்னேன்?”

“அவன் என் கூடப்பொறந்தவன்டி. எனக்கு வேணாமா அவன்? இங்கிட்டுக் குடு, வெட்டி விட்டுர்றேன்.”

“அவுக பேர்ல கத்தரி வைக்கவா? வைப்பீங்க. நான் எங்கம்மா வீட்டுக்கே போறேன்.”

நாற்பத்தொரு நாளும் ஒரே சட்டியில் சோறு தின்றவர்கள்.

4

முடிவு ஒன்று: இருவரும் அழுது சமாதானமாகிறார்கள். (எழுதினேன். என் காதில் விழவில்லை.)

முடிவு இரண்டு: நிலவழகன் திரும்பி வருகிறான். (அதைத் தர நான் யார்?)

முடிவு மூன்று: வகுப்பின் வயதான மாணவி வாய் திறக்கிறாள். சுகுணா தண்ணீர் குடிக்கப் போனபோது அந்தத் துணி இந்த மாணவி பக்கத்தில் கிடந்தது. சின்னப் பெண், கட்ட மறந்துவிட்டாள், உருவிக்கொள்ளுமே என்று அவள்

[‘அவள்’ இல்லை. நான்.]

நான்தான் ஒரு குட்டித் தையல் போட்டேன். போட்டதைச் சொல்லவும் மறந்துபோனேன். போன் வந்த பிறகு, மறக்கவில்லை, சொல்லவில்லை.

5

நேற்று சுகுணா பையோடு கோட்டைப்பட்டினம் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். பரிமளா மூலையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வாசல்வரை போன சுகுணா என் பக்கம் திரும்பினாள். அவள் கேட்டதை எழுதிவிடுகிறேன். அதற்குக் கீழே என்ன வர வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

“பெரியம்மா, நீங்க பக்கத்துலதானே ஒக்காந்திருந்தீங்க? மதினி கட்டுனதப் பாத்தீங்கதானே?”